பிக்கப் வண்டி டீசலை அதிகமாகக் குடிக்கிறதா? பம்ப் கடைக்குப் போகும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காவிரி டெல்டாவில் முதல் தடவையாக பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும். என் வண்டி லோடோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல 9-க்கு இறங்கிவிட்டது. காட்டிய இடத்திலெல்லாம் "நாசில் போச்சு, பம்ப் பார்க்கணும்" என்றுதான் சொன்னார்கள், அதாவது டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பும் அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியும் கெட்டுவிட்டதாம். ஒரு பட்டறையில் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டிப் பெரிய பில் போட்டார்கள். மைலேஜ் அசையவே இல்லை. கடைசியில் கோளாறு இருந்தது பின்சக்கர பிரேக்கில். கூடவே, எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்தில் யாரோ கழற்றிப் போட்ட, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் காரணம். இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு அந்த இன்ஜெக்டர் பில்லில் கால்வாசிகூட இல்லை.

கணக்கு எளிது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 12 கொடுத்தால் 250 லிட்டர் போதும். 9 கொடுத்தால் 333 லிட்டர் வேண்டும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் வீண். வண்டி டியூவில் பாதிக்கு வரும் பணம் அது.

பொலேரோ பிக்கப், யோதா, இன்ட்ரா, தோஸ்த் மாதிரி ஒரு டன், ஒன்றரை டன் இழுக்கும் டீசல் வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். கீழே உள்ள வரிசை முக்கியம். பெரும்பாலும் காசு செலவில்லாதது முதலில், அதிகச் செலவு பிடிப்பது கடைசியில். ஒரு வேலையை முடித்து, அளந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த தடவை மைலேஜ் விழும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

1. முதலில் ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள்

"ஐந்நூறு ரூபாய்க்குப் போடு" என்று அடித்துக்கொண்டு ஓட்டினால் மைலேஜ் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. டேங்க் நிரப்பித்தான் பார்க்க வேண்டும். ஒரே பெட்ரோல் பங்கில், முடிந்தால் அதே நாசிலில், முதல் தடவை தானாக கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்து வரை நிரப்பினால் நுரை ஏமாற்றும். மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு டேங்க்காவது பாருங்கள். டேஷ்போர்டில் காட்டும் எண் தோராயம்தான்.

நோட்டில் லோடையும் எழுதுங்கள். பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் ஏற்றி திருச்சிக்குப் போன டேங்க்கையும், வெண்ணாற்றங்கரையில் சேற்றில் முதல் கியரில் ஊர்ந்த டேங்க்கையும் ஒப்பிட்டால் கணக்கே தப்பு. வண்டி கெட்டுப்போகாமல் வேலையின் தன்மையாலேயே மைலேஜ் குறைவது உண்டு.

பங்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வண்டியை வேறு ஆள் ஓட்டுகிறார் என்றால், டேங்க்கிலிருந்து டீசல் போவதற்கு இன்ஜின் மட்டுமே வழி இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் நான் பேசப் போவதில்லை.

கிலோமீட்டர் மீட்டரையும் சோதியுங்கள். கம்பெனி அளவை விட்டு வேறு அளவு டயர் போட்டிருந்தால் மீட்டர் கூட்டியோ குறைத்தோ காட்டும். போனில் ஜிபிஎஸ் போட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை நம் பக்கத்துக்கு என்றே வாய்த்தது, ஏற்ற இறக்கம் இல்லாத ஊர் ஆயிற்றே. அதிகாலையில் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வண்டி காலியாக இருக்கட்டும். 40-இல் போய், ஒரு கிலோமீட்டர் கல்லோ மின்கம்பமோ வரும் இடத்தில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். வண்டி தானாக எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் அதையே செய்யுங்கள், காற்றின் உபயம் கழிந்துவிடும். பிரேக், டயர், அலைன்மென்ட் வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி விட்டுப் பாருங்கள். அதிக தூரம் உருண்டால் பணம் மிச்சமாக ஆரம்பித்துவிட்டது.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

வண்டியோடு வந்த உரிமையாளர் கையேடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டரை எத்தனை ஆயிரத்தில் மாற்றுவது, காற்று எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்காது. கம்பெனி இணையதளத்தில் தேடுங்கள், அல்லது ஷோரூம் சர்வீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆர்சியில் (பதிவுச் சான்று) காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது, அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் அடக்கம். அதைத் தனியாக எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் எப்போது முடிகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் இருக்கும் வண்டியை வெளிப் பட்டறையில் இன்ஜின் பக்கம் கைவைக்க விடாதீர்கள். காற்று, ஃபில்டர் சுத்தம் மாதிரி வேலைகளோடு நிறுத்திக்கொண்டு, மற்றதற்குக் கம்பெனி சர்வீஸிலேயே ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடுங்கள். "மைலேஜ் குறைவு" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னதற்கு வாரண்டி கிடையாது.

3. டயர் காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, லோடோடு எவ்வளவு என்று அதில் இருக்கிறது. பங்குப் பையன் "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வச்சிரவா" என்பான். வேண்டாம். லோடு ஏற்றும் வண்டிக்குப் பின் டயர் காற்று முன்னைவிட நன்றாகவே கூடுதல்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். பங்கில் காற்று இலவசம். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து பிஎஸ்ஐ குறைந்திருந்தால்தான் 2 சதவீதம். அதனால் காற்றடித்ததுமே மைலேஜ் எகிறும் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் காசில்லாத வேலை, டயரும் நீடிக்கும்.

டயர் மாற்றும் நேரம் வந்தால் ரேடியல் வாங்குங்கள், நைலானைவிட லேசாக உருளும். சேற்றுக்காகப் பெரிய பட்டன் டயர் போட்டிருப்பவர்கள், அது தார்ச்சாலையில் டீசலைத் தின்னும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் போட வேண்டும். வயலுக்குள் அடிக்கடி இறங்குகிறவருக்கு அதுதான் சரி. தேங்காய் மண்டிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு வீண்.

4. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

என்னைக் கேட்டால், மைலேஜ் விழுந்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பட்டறைக்காரர்கள் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். வண்டி நிற்கிறதா, நிற்கிறது, அப்புறம் பிரேக்கில் என்ன குறை என்பார்கள். அது நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, விடுகிறதா என்பது வேறு கேள்வி.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கும்படி ஓரம் கட்டுங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கேதான் பிடிப்பு. வெப்பம் அளக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் பட்டறை என்றால் இன்னும் நல்லது.

அடுத்து, சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைக்க வேண்டும். முன்பக்கம் டிஸ்க் என்றால் லேசாக உரசும் சத்தம் சாதாரணம்தான். பின்பக்கம் டிஃபரன்ஷியலும் சேர்ந்து சுற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சுலபமாகவும் மற்றது முக்கி முனகியும் சுற்றினால் டிரம்மைக் கழற்ற வேண்டும்.

ஏன் பிடிக்கிறது என்பதற்கு இந்தப் பக்கத்தில் சில தனிக் காரணங்கள் உண்டு. வாய்க்கால் கரைச் சேறு ஹேண்ட் பிரேக் கேபிளுக்குள் புகுந்து காய்ந்தால் கேபிள் திரும்பி வராது. நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பின் டிரம்மில் சொட்டிக்கொண்டே இருக்கும். வேதாரண்யம் உப்பு லோடும் அதே கதைதான். வீல் சிலிண்டர் துருப்பிடித்து பிஸ்டன் உள்ளே திரும்பாது. இப்படி ஓட்டுகிறவர்கள் லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தார்ப்பாய் விரித்து, தண்ணீர் பின்னால் வழிகிற மாதிரி குழாய் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு பொறி எஃப்சி நேரத்தில் வரும். எட்டு வருடம் வரை சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதற்குமேல் வருடா வருடம். பிரேக் சோதனையில் தேற வேண்டும் என்று பட்டறையில் அட்ஜஸ்டரை இறுக்கி அனுப்புவார்கள். எஃப்சி கிடைத்துவிடும், இறுக்கியதைத் தளர்த்த யாருக்கும் நினைவிருக்காது. எஃப்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முன் டிஸ்க்கில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசிகள் காய்ந்துபோனாலும் பிடிக்கும். அவற்றுக்கு பிரேக்குக்கு என்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும். பேரிங்குக்கு வைத்திருக்கும் கிரீஸை அள்ளித் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி சிக்கிக்கொள்ளும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளே துருவைக் கொண்டுவரும்.

கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் கூலி ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். வீல் சிலிண்டரோ கேபிளோ மாற்ற வேண்டியிருந்தால் அது தனி. அரை நாள் வேலை. பிரேக்கைத் தளர்த்தச் சொன்னேன் என்று அளவுக்கு மீறித் தளர்த்திவிடாதீர்கள். வேலை முடிந்ததும் லோடு இல்லாமல் ஓட்டி, நிறுத்திப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

5. அலைன்மென்ட்டும் பேரிங்கும்

முன் டயரின் ஓரத்தில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி குத்தினால் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் உள்பக்கம் திரும்பி நிற்கும் அளவு, தப்பு. டயர் உருளாமல் தேய்ந்துகொண்டு போகிறது. அலைன்மென்ட் செய்யும் முன் ஸ்டியரிங் மூட்டுகள், கிங்பின் அல்லது பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்தால் அடுத்த பள்ளத்தில் போய்விடும். முன்பு என்ன அளவு, இப்போது என்ன அளவு என்ற அச்சு நகலை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

6. ஏர் ஃபில்டர்: அறுவடைக் காலத்தின் எமன்

தை, மாசியில் மெஷின் அறுக்கும் வயல் பக்கத்தில் வண்டி நிறுத்தியவர்களுக்குத் தெரியும். நெல் சுணையும் பதரும் தூசியும் மேகமாகக் கிளம்பும். களத்தில் இன்ஜினை ஓடவிட்டு நின்றால் அத்தனையும் ஏர் ஃபில்டருக்குள்தான் போகிறது. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல சாலைக்கு. அறுவடை மாதத்தில் வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஃபில்டர் அடைத்தால் முதலில் இழுவை குறையும். எப்போதும் மூன்றில் ஏறும் பாலத்துக்கு இரண்டு கேட்கும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், பின்னால் கறுப்புப் புகை வரும். பழைய பம்ப் வண்டிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில்) வண்டிகளில் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துச் சமாளித்துவிடும் என்பதால் மைலேஜைவிட இழுவையில்தான் அதிகம் தெரியும்.

சுத்தம் செய்வதிலும் பொறி இருக்கிறது. பங்கில் டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரை முழு வேகத்தில், அதுவும் வெளிப்பக்கமிருந்து அடித்துக் கொடுப்பார்கள். அழுக்கு உள்ளே இன்னும் ஆழமாகப் போகும், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில், தள்ளி வைத்து அடிக்க வேண்டும். தரையில் தட்டாதீர்கள், தண்ணீரிலும் டீசலிலும் கழுவாதீர்கள். சுத்தம் செய்ததும் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள். ஒளி புள்ளியாகத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் "ஃப்ரீயா இழுக்குது" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு இன்ஜினைத் தேய்க்காதீர்கள்.

புது ஃபில்டர் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மலிவு போலிகள் நிறைய உண்டு. பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், பார்ட் நம்பர் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். மாட்டும்போது ரப்பர் விளிம்பு சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்ததா, குடுவையின் அடியில் உள்ள தூசி வால்வு கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

7. டீசல் ஃபில்டரும் தண்ணீரும்

டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை கிண்ணம் வைத்துத் திறங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூடுங்கள். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றைக்கே செய்ய வேண்டும்.

பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் பேரலில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு பிக்கப்பில் ஊற்றாதீர்கள். பாதி காலியான பேரலில் ஈரம் வியர்த்து இறங்கியிருக்கும். டிராக்டர் தாங்கும், காமன் ரெயில் இன்ஜெக்டர் தாங்காது.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பாருங்கள். டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை போகும் குழாய், திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய் இரண்டிலும் ஈரமாகத் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் கசிவு. ஒரு கிளிப் போட வேண்டிய இடத்தில் மைலேஜைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

8. இன்ஜின் ஆயில்

கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு மட்டும். "நம்ம வெயிலுக்குக் கெட்டியா போடணும்" என்று கனமான ஆயில் ஊற்றினால் இன்ஜின் தன்னைச் சுற்றவே கூடுதலாக உழைக்கும். சரியான கிரேடுக்கு மாறினால் ஒன்று, இரண்டு சதவீதம் மிச்சமாகும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் வீண். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிக்கு அதற்கென்று உள்ள சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும், டிராக்டர் ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துவிடும். அப்புறம் ஆகும் செலவுக்கு இந்தக் கட்டுரையில் இடம் போதாது.

9. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றிப் போடும் பழக்கம் இங்கே பட்டறைக்குப் பட்டறை இருக்கிறது. வண்டி ஒரு தடவை சூடேறினால் போதும், காரணம் தேடாமல் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவார்கள். டீசல் இன்ஜின் 80, 90 டிகிரி சூட்டில் ஓடுவதற்காகச் செய்தது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்தச் சூட்டுக்கு வரவே நேரமாகும், குளிர்ந்த காலைகளில் வரவே வராது. கம்ப்யூட்டர் உள்ள வண்டி, இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்றபடி டீசலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊருக்கே ஓட்டுகிறவர்களுக்கு அடி அதிகம்.

கண்டுபிடிப்பது சுலபம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனில் கை படாமல். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, இன்ஜின் சூடான பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பொருள் விலை பெரிதல்ல, ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிடலாம். பழைய கூலன்ட் வடிந்துவிடும் என்பதால் புதிதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி சூடேறினால் கோளாறு வேறு எங்கோ இருந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே பதர் அடைத்துக்கொள்ளும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி, தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஃபேன் எந்நேரமும் ஓவென்று இரைந்துகொண்டே இருந்தால் ஃபேன் கிளட்ச் இறுகியிருக்கும், அதுவும் டீசலைத் தின்னும்.

10. புகை

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஈடான காற்று கிடைக்கவில்லை. ஏர் ஃபில்டர் சரியென்றால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கே கிழிசல், அல்லது கிளிப் தளர்வு. அழுத்தும்போது புஸ்ஸென்ற சத்தமும் கேட்கும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக டர்போவையே மாற்றச் சொன்ன கதைகள் உண்டு.

இஜிஆரை (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு) அடைத்துவிடலாம், டிபிஎஃப்பை வெட்டிவிடலாம் என்று சொல்லும் ஆட்கள் கிடைப்பார்கள். சட்டப்படி தப்பு, புகைச் சான்றிலும் எஃப்சியிலும் மாட்டுவீர்கள், வாரண்டியும் போகும். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிக்குப் புகைச் சான்று ஒரு வருடம், பழையதற்கு ஆறு மாதம். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் தஞ்சாவூர், திருச்சி சாலை மாதிரி நல்ல சாலையில் கையேடு சொல்லும் வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். உள்ளே படிந்த கரி எரியும்போது டீசல் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும், அந்த டேங்க்கை மைலேஜ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

11. கிளட்ச்

நாலாவது கியரில், லோடோடு, 40-இல் போகும்போது ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா அசையும் தூரம்) சரிசெய்து தீர்ந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பிளேட் மாற்ற வேண்டியதுதான். கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

12. ஏற்றுவதும் ஓட்டுவதும்

இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். ஒன்றரை டன் வண்டியில் 60 கிலோ நெல் மூட்டை 25 தான் ஏறும். நாற்பது ஏற்றிவிட்டு மைலேஜ் இல்லை என்றால் வண்டி என்ன செய்யும்? மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. ஒரு தடவை மாட்டினால் ஒரு மாத டீசல் போச்சு.

எடையைவிட உயரம் ஏமாற்றும். வைக்கோல் கட்டு எடை குறைவு, ஆனால் கேபினுக்கு மேல் அடுக்கிவிட்டால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஆடிக் காற்றில் நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே தஞ்சாவூர் நோக்கி வந்தவர்களைக் கேளுங்கள். வேகம் 60-லிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. உயர லோடோடு 55, 60-ஐத் தாண்டாதீர்கள். லோடு இல்லாதபோது தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே போடுங்கள். பாடியைச் சுற்றி உயரமாகக் கம்பி அடைப்பு கட்ட நினைத்தால், ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் செய்யாதீர்கள்.

நெல் கொள்முதல் நிலைய வரிசையில் ஏசிக்காகவும் பாட்டுக்காகவும் இன்ஜினை ஓடவிட்டால் மணிக்கு அரை லிட்டராவது போகும். லோடோடு வேகமாக வந்து நின்றதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், டர்போவுக்கு நல்லது. பாலம் இறங்கும்போது நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறவர்கள் பலர். சிஆர்டிஐ வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் டீசல் முழுக்க நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு என்று கொஞ்சம் குடிக்கும்.

13. எப்போது செய்வது

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் தொடங்கிவிடுங்கள். மழைச் சேறு பிரேக்கில் ஏறியிருக்கும், டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், சம்பா அறுவடை இன்னும் தொடங்கியிருக்காது. பொங்கல் தாண்டினால் மெக்கானிக்குகள் எல்லாம் அறுவடை மெஷினுக்கும் டிராக்டருக்கும் பின்னால் போய்விடுவார்கள், உங்கள் பிக்கப் பட்டறை வாசலில் வெயில் காயும். அறுவடை முடிந்ததும் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் இன்னொரு தடவை பாருங்கள்.

மொத்தமாகப் பார்த்தால், இரண்டு டேங்க்குக்கு ஒரு வேலை என்று வைத்தாலும் இரண்டு, மூன்று மாதத்தில் கிளட்ச் வரைக்கும் வந்துவிடலாம்.

14. டீசல் செலவு இன்னும் குறையவில்லை என்றால் மட்டும் பம்ப் நாசில் கடை

இங்கே கேட்க வேண்டியதைக் கேட்டு உள்ளே போங்கள். சிஆர்டிஐ வண்டியானால் முதலில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான். கூலன்ட் சென்சார், காற்றளவு சென்சார் மாதிரியானவை தப்பாகக் காட்டினாலும் டீசல் கூடும், ஸ்கேனில் தெரியும். அடுத்து ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பார்கள். எல்லாப் பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதுவும் கம்பெனி சொன்ன வரம்புக்குள் என்றால் அந்தப் பக்கத்தில் பெரிய குறை இருக்க வாய்ப்பு குறைவு, கழற்ற விடாதீர்கள். ஒன்றில் மட்டும் அதிகம் என்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி பெஞ்சில் சோதிக்கச் சொல்லுங்கள். நாலையும் மாற்றினால்தான் பேலன்ஸ் வரும் என்று சொல்வார்கள். பெஞ்ச் ரிப்போர்ட்டைக் கையில் கேளுங்கள், நாலு இன்ஜெக்டரும் சேர்ந்தால் பல பத்தாயிரங்களில் போகும் சமாச்சாரம் அது. பழைய பம்ப் வண்டியானால் டைமிங்கும் நாசில் தெறிப்பும் பார்த்தால் போதும், செலவு மிகவும் குறைவு.

வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரி. கழற்றிய பழைய சாமான்கள் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்ட் நம்பரோடு பில், எத்தனை மாத உத்தரவாதம் என்பது அதே பில்லில், புது இன்ஜெக்டர் போட்டால் அதன் கோடு (அதில் பொறித்த குறியீட்டு எண்) வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டதா என்பதும் அதே பில்லில். கோடு ஏற்றாமல் அனுப்பிவிட்டால் புது இன்ஜெக்டரே புகை தள்ளும், மறுபடி அதே கடையில் போய் நிற்க வேண்டிவரும்.